அம்மாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலம் தாண்டிய நாள்

மூக்கில் ரத்தம் வந்தால் என்ன செய்வது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் தெரியும். தலையை அண்ணாந்து படுக்கப் போடு, உச்சந்தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்று, வெங்காயத்தை நசுக்கி மோந்து பார்க்கக் கொடு. மழைக்காலமாக இருந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: அட்டை ஏறியிருக்கும், உப்புத் தண்ணீர் விடு. சின்ன வயதில் எனக்கும் இதையெல்லாம் செய்திருக்கிறார்கள். தானாக நிற்கிற ரத்தம் தானாக நின்றது. வைத்தியம் பேர் வாங்கிக்கொண்டது.

அம்மாவுக்கு வந்தது தானாக நிற்கிற ரத்தம் அல்ல.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே எங்கள் தோட்டம். அன்று காலை நான் லயத்தில், எங்கள் வரிசை வீட்டின் முன்னால், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கல்வியியல் கல்லூரிப் படிப்பை முடித்து, பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியையாக நியமனம் கிடைத்திருந்தது. மாரியம்மன் திருவிழா முடிந்ததும் வேலையில் சேர வேண்டும். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தபோது அம்மா தரையில் மல்லாந்து கிடந்தார். தலை அத்தையின் மடியில். அப்பாவின் தங்கையான இந்த அத்தையும் அம்மாவும் ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். அம்மாவின் நெற்றியில் ஈரத்துணி. கன்னம், கழுத்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு எல்லாம் சிவப்பு. அத்தை மூக்கின் மேல்பகுதியை, கண்களுக்கு நடுவே எலும்பு இருக்கும் இடத்தை, அழுத்திப் பிடித்திருந்தார். அம்மா ஒவ்வொரு மடக்காக எதையோ விழுங்கிக்கொண்டிருந்தார். அது ரத்தம் என்று எனக்குத் தெரிந்தது.

"தூக்கி உக்கார வைங்க அத்தை."

"சும்மா இரு கலா. நிமித்தி வச்சதுல இப்பத்தான் கொறையுது."

"கொறையல. உள்ளுக்குப் போகுது."

"படிச்ச பிள்ளைக்கு எல்லாம் தெரியும். இது அட்டை. போன வருசம் மேல் லயத்துக்காரிக்கு வந்தது மறந்துபோச்சா? யாராச்சும் உப்பு கொண்டாங்க."

நான் அம்மாவின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தேன். அத்தை தடுத்தார், என் தோளில் ஓர் அடியும் விழுந்தது. தலை நிமிர்ந்து குனிந்த அந்த நொடியில் இரண்டு மூக்குத் துவாரங்களிலிருந்தும் ரத்தம் கொட்டியது. சுற்றி நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். நான்தான் அதைத் திறந்துவிட்டேன் என்பது போல.

கல்லூரியில் முதலுதவி வகுப்பில் இதை ஒரு பொம்மைக்குச் செய்து காட்டியிருக்கிறேன். பொம்மை மூச்சுத் திணறாது, கையைத் தட்டிவிடாது. ஆனால் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆளை உட்கார வைக்க வேண்டும். தலையைச் சற்று முன்னால் குனிய வைக்க வேண்டும். மூக்கின் எலும்பு முடிந்து மெத்தென்று இருக்கும் பகுதியை இரண்டு விரல்களால் இருபுறமும் சேர்த்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். வாயால் மூச்சுவிடச் சொல்ல வேண்டும். வாய்க்கு வரும் ரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்ல வேண்டும். பஞ்சு, துணி எதையும் உள்ளே திணிக்கக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பிடியைத் தளர்த்தவே கூடாது. 'நின்றுவிட்டதா' என்று இடையில் திறந்து பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. உறையத் தொடங்கிய ரத்தம் அதோடு மறுபடி உடைந்துவிடும்.

நான் பிடித்தேன். உப்போடு ஒருத்தி வந்தாள். "கிட்ட வராதீங்க" என்று சொன்னேன். அப்படி அதுவரை அந்த மலையில் யாரிடமும் நான் பேசியதில்லை.

கங்காணி கையில் கடிகாரம் இருந்தது. அவரை நேரம் பார்க்கச் சொன்னேன். பதினைந்து நிமிடம் ஆயிற்று என்று அவர் சொன்னதும் கையை எடுத்தேன். மூக்கிலிருந்து வந்தது குறைந்திருந்தது. ஆனால் அம்மா வாயைத் திறந்தபோது உள்நாக்குக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு வழிந்துகொண்டே இருந்தது. மூக்கின் முன்பக்கத்தில் உடைகிற சின்ன நாளங்களை விரலால் அடக்கலாம். பின்பக்கத்தில் உடைந்தால் விரல் எட்டாது. வயதானவர்களுக்கும் பிரஷர் இருப்பவர்களுக்கும் அப்படி வரும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அம்மாவுக்குப் பிரஷர் உண்டு.

மறுபடி பிடித்துக்கொண்டு, "ரவி அண்ணனக் கூப்பிடுங்க" என்றேன். தோட்டத்தில் ஆட்டோ வைத்திருப்பவர் அவர்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவருடைய வலது கையில் மஞ்சள் நூல் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு அந்தப் பயம் வந்தது.

காப்பு. திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் கிழங்கு முடிந்த நூலைக் கையில் கட்டிக்கொண்டால், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் எல்லை ஆற்றுப்பாலம். காப்புக் கட்டிய பிறகு சொந்தத் தம்பி செத்த வீட்டுக்குப் போகாத ஆட்கள் எங்கள் லயத்தில் இருக்கிறார்கள். இந்த வருடம் கோயில் கமிட்டியில் இருந்ததால் அப்பாவும் கட்டியிருந்தார். அம்மா தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். எனக்கு நியமனம் கிடைத்ததற்கான நேர்த்தி அது.

கோயிலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்த அப்பா ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஓடிவந்தார். அம்மாவைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், தன் கையையும் பார்த்தார். "கூட்டிட்டுப் போ" என்றார் என்னிடம்.

ஆட்டோவின் பின்சீட்டில் ஒருபுறம் அத்தை, நடுவில் அம்மா, மறுபுறம் நான். என் வலது கை அம்மாவின் மூக்கில், இடது கை அவர் நெற்றியைத் தாங்கி. பாதை முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் பிடி நழுவப் பார்த்தது. விரல்கள் மரத்துப்போய், பிடித்திருக்கிறேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அத்தை மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி; அம்மா அதில் துப்பிக்கொண்டே வந்தார்.

பாலத்துத் தூணில் கட்டியிருந்த மஞ்சள் துணி தெரிந்ததும் அம்மா ரவி அண்ணனின் முதுகில் தட்டினார். ஆட்டோ நின்றது. அம்மா ஒரு காலை வெளியே வைத்தார். பேச முடியவில்லை. காப்புக் கையைத் தூக்கிக் காட்டித் தலையை ஆட்டினார். என் பிடிக்குள் அவருடைய மூக்கும் ஆடியது.

"மதினி, வேணாம். உள்ள வாங்க" என்றார் அத்தை. அவருக்கும் குரல் உறுதியாக இல்லை. எல்லை என்றால் அவருக்கும் எல்லைதான்.

நான் என்ன சொன்னாலும் அம்மா கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். மாரியம்மன் விஷயத்தில் என் சான்றிதழ்கள் செல்லாது. இறங்கிவிட்டால் மறுபடி ஏற்ற முடியாது.

ரவி அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "ஏன் பெரியம்மா, இந்தப் பாலமா எல்லை?" என்றார். "அது எப்பயோ. கீழ பஜார்ல ஆஸ்பத்திரி நிக்கிற நெலமே நம்ம தோட்டத்து நெலம்தானே. அந்தக் காலத்து வெள்ளக்காரத் துரை எழுதிக் குடுத்தது. அதுக்கு அங்கிட்டுத்தான் எல்லை. கமிட்டில கேட்டுப் பாருங்க."

அம்மா கண்ணாடியில் அவருடைய கண்களையே பார்த்தார். பிறகு வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பஜார் ஆஸ்பத்திரியில் வெளியே பெஞ்சுகள் நிறைய ஆட்கள். வாளியைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார்கள். உள்ளே கட்டிலில் உட்கார்ந்ததும் அம்மா வாந்தி எடுத்தார். கறுப்பும் சிவப்புமாக, கட்டி கட்டியாக. அத்தை சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"வயித்துல புண் இருக்கா? முன்னாடி இப்படி எடுத்திருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். இளம் பெண், தமிழ் பேசுபவர்.

அண்ணாந்து கிடந்தபோது விழுங்கிய ரத்தம் என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். ரத்தம் வயிற்றில் தங்காது, இப்படித்தான் திரும்பி வரும் என்றார். நெடுநேரம் விழுங்கினால் எவ்வளவு போயிருக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியவும் தெரியாது. சில பேருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சுவரோரம் இருந்த அத்தை இதைக் கேட்டார்.

பிரஷர் இருநூற்றைத் தாண்டியிருந்தது. பிரஷர் நாளத்தை உடைக்காவிட்டாலும், உடைந்த நாளத்தை மூடவிடாது என்று டாக்டர் சொன்னார். குழாயில் வெடிப்பு இருக்கும்போது தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டது போல.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாம்மா?"

அம்மா தலையை இல்லை என்று ஆட்டினார்.

"ஏன்?"

என் பிடியைச் சற்று விலக்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, அம்மா பேசினார். "சாப்பிட்டப்புறம் போடணும்னு தானே கிளினிக்ல சொன்னாங்க. காலைல போடுற மாத்திரை. காப்புக் கட்டுனதுலேருந்து ஒரு நேரந்தான் சாப்பாடு, அதுவும் பொழுது சாஞ்சு. காலைல சாப்பிடாம எப்படிப் போடுறது?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். கோபிக்கவில்லை. கோபிக்க அதில் ஒன்றும் இல்லை. அம்மா மாத்திரையை மறக்கவில்லை, மறுக்கவும் இல்லை. சொன்னபடி கேட்டிருக்கிறார். விரதம் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மாத்திரையை நிறுத்துமுன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேளுங்கள். சாப்பிடாமலே போடக்கூடிய மாத்திரையாக இருக்கலாம், நேரத்தை மாற்றித் தரலாம். அம்மாவின் மாத்திரை அப்படிப்பட்டதுதான்.

மருந்து தடவிய நாடா போன்ற நீளத் துணியை மடித்து மடித்து மூக்குக்குள் அடைத்தார்கள். அதைச் செய்யத் தெரிந்தவர்கள், செய்யும் இடத்தில் செய்யலாம். வீட்டில் துணி திணிப்பது வேறு. அம்மா சத்தம் போடவில்லை. கால் விரல்கள் மட்டும் சுருண்டன. அப்படியும் தொண்டைக்குள் வழிவது நிற்கவில்லை. அம்புலன்சில் ஹட்டன் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

நோர்வூட் தாண்டும்போது அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. கை சில்லென்று இருந்தது. "கலா" என்றார் ஒருமுறை. "இருக்கேன்மா" என்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் காப்பு நூலுக்குக் கீழே நாடியைத் தேடிப் பிடித்துக்கொண்டு போனேன். வேகமாகவும் மெலிதாகவும் அடித்தது. அது நின்றுவிட்டால் எனக்குத் தெரியும் என்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் விடவில்லை.

அங்கே காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைக் காட்டி, செய்யப்போவதைச் சொன்னார். சிறுநீர் போவதற்குப் போடுவார்களே, அதே குழாய். மூக்கு வழியாகப் பின்னால் தள்ளி, நுனியில் இருக்கும் சிறு பலூனைத் தண்ணீர் விட்டு ஊதவைத்தால் அது உடைந்த இடத்தைப் பின்னாலிருந்து அழுத்தும். முன்னால் மறுபடி துணி. அதற்கும் நிற்காவிட்டால் அறுவை செய்து நாளத்தைக் கட்ட வேண்டும்.

"சம்மதத்துக்கு யார் கையெழுத்து?" என்று கேட்டார்கள்.

எங்கள் வீட்டில் இதுவரை எல்லாவற்றுக்கும் அப்பாவின் பெருவிரல்தான். நான் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்திலும் என் எழுத்து நேராக இருந்தது.

கையில் ஊசி ஏற்ற வந்த நர்ஸ் சிங்களப் பெண். வலது கையைத் திருப்பிப் பார்த்தார். நரம்பு நன்றாகத் தெரிந்தது அந்தக் கையில்தான். கத்தரிக்கோலை எடுத்தார். அரை மயக்கத்தில் இருந்த அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கோயில், விரதம், திருவிழா என்று சொல்லத் தொடங்கினேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. தன் சட்டைக் கையைச் சற்று மேலே தள்ளினார். அவர் மணிக்கட்டில் பன்சலையில், பௌத்த விகாரையில், கட்டிய வெள்ளை நூல் இருந்தது. "பய வென்ன எப்பா அம்மே" என்றார். பயப்படாதீங்க அம்மா. கத்தரிக்கோலைப் பையில் போட்டுவிட்டு இடது கைக்குப் போனார். அங்கே நரம்பு கிடைக்க மூன்று முறை குத்த வேண்டியிருந்தது. மூன்று முறையும் அம்மா அசையவில்லை.

பலூன் பிடித்தது. ரத்தம் நின்றது. ஆனால் அது நின்றதா, அடங்கி இருக்கிறதா என்று பலூனை எடுக்கும்போதுதான் தெரியும் என்றார்கள். அதற்கு இரண்டு நாள்.

அந்த இரண்டு நாட்களைப் பற்றி எழுதுவது கஷ்டம். மூக்கு முழுக்க அடைத்திருந்ததால் அம்மா வாயால்தான் மூச்சுவிட்டார். உதடும் நாக்கும் காய்ந்து வெடித்தன. அத்தை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருந்தார். சாய்த்து உட்கார வைத்த கட்டிலிலேயே தூக்கம். பிரஷரை ஒரேயடியாகக் குறைக்கக் கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கினார்கள். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் நான் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணைத் திறந்து என் முகத்தைத்தான் பார்ப்பார். ஆகவே முகத்தை மாற்றாமல் வைத்திருக்கப் பழகினேன்.

தினமும் ரவி அண்ணனின் ஆட்டோவில் ஒரு பிளாஸ்க் கஞ்சி வந்தது. ஆறவைத்து, வடிகட்டி. சூடாகக் கொடுக்கக் கூடாது என்று நான் போனில் சொன்னதை அப்பா அப்படியே செய்தார். அவர் பாலம்வரை நடந்துவந்து, தூணுக்குத் தோட்டத்துப் பக்கமே நின்று, பிளாஸ்க்கை ஆட்டோவுக்குள் நீட்டுவாராம். "ஒரு எட்டு வச்சா இந்தப் பக்கம். வைக்க மாட்டேங்கிறாரு. ஆனா நான் திரும்பி வர்ற வரைக்கும் அங்கயே நிக்கிறாரு" என்றார் ரவி அண்ணன்.

இரண்டாம் நாள் அம்மா துண்டை விரித்துத் தன் சாமான்களை அதில் வைக்கத் தொடங்கினார். மறுநாள் தீச்சட்டி.

"எங்க போறீங்க?"

"கையெழுத்துப் போட்டாப் போகலாமாமே. பக்கத்துக் கட்டில்காரி சொன்னா."

"இத மூக்குல வச்சுக்கிட்டா?"

"எடுக்கச் சொல்லு. எடுத்துக்கிட்டு நெருப்ப மட்டும் தூக்கிட்டு வந்திர்றேன்."

நான் பேச வாயெடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "மதினி, சட்டியத் தூக்கிட்டு நடுப் பாதையில மூக்கு ஒடஞ்சா, ரத்தம் ஆத்தா முன்னாலதான் கொட்டும். அது பரவாயில்லையா? தீட்டுன்னு கோயிலையே கழுவணும். அப்புறம் கமிட்டில அண்ணன் எப்படித் தலை நிமிர்றது?"

அம்மா துண்டை மடித்தார். எனக்குத் தோன்றாத வாதம் அது. நாளம், அழுத்தம், உறைதல் என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை பலூனை எடுத்தார்கள். முதலில் தண்ணீரை உறிஞ்சிச் சுருக்கினார்கள், உடனே வெளியே இழுக்கவில்லை. காத்திருந்தார்கள். டாக்டர் விளக்கை வைத்துத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் வந்தது. நாடாத் துணி, முடிவில்லாதது போல வந்துகொண்டே இருந்தது. கடைசி நுனியில் ஒரு சொட்டுப் புது ரத்தம். அம்மா அவராகவே முன்னால் குனிந்து, எலும்புக்குக் கீழே, சரியான இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. டாக்டர் கையைக் கழுவாமல் அப்படியே நின்றார்.

அம்மா கையை எடுத்தபோது மூக்கு காய்ந்திருந்தது. தொண்டையும் காய்ந்திருந்தது.

அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் அம்மாவின் தீச்சட்டியை அப்பா எடுத்தார். காப்புக் கட்டிய ஆள் என்பதால் கமிட்டி ஒத்துக்கொண்டதாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னவை இவை: மூக்கைச் சீந்தக் கூடாது. விரல் விடக் கூடாது. சில நாளைக்குச் சூடாக எதுவும் குடிக்கக் கூடாது. குனிந்து பாரம் தூக்கக் கூடாது, கொழுந்துக் கூடையும் அதில் அடங்கும். மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. மறுபடி வந்தால் உட்கார்ந்து, குனிந்து, பிடி. பிடித்தும் நிற்காவிட்டால், தொண்டைக்குள் வழிந்தால், உடனே ஆஸ்பத்திரி.

திரும்பி வரும்போது பாலத்துத் தூணருகே அப்பா நின்றார். திருவிழா முடிந்திருந்தும் தோட்டத்துப் பக்கம்தான் நின்றார். உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்தது. அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை.

"ஏன்டா ரவி, பஜார் ஆஸ்பத்திரி வரைக்கும் நம்ம தோட்டத்து நெலம்னு சொன்ன."

"ஆமா பெரியம்மா."

"அப்ப அந்தப் பெரிய ஆஸ்பத்திரி?"

ரவி அண்ணன் காதைச் சொறிந்தார். "அதையும் துரை வாங்கிப் போட்டிருப்பாரு பெரியம்மா."

"முப்பது வருசமா இந்த மலையில கொழுந்து எடுக்கிறேன். எனக்கு எல்லை சொல்லிக் குடுக்கிறான்."

அப்பா பாலத்தைக் கடந்து ஆட்டோ அருகில் வந்து அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "எங்க புடிச்சா நின்னுச்சு?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அத்தை ஆட்டோவிலிருந்து கையை நீட்டி அப்பாவின் மூக்கைப் பிடித்துவிட்டார். "இங்கண்ணே. எலும்புக்குக் கீழ. இப்படி. நிமிராதீங்க, குனிங்க." துணி சுற்றிய கைகளால் அப்பாவுக்கு அவரை விலக்க முடியவில்லை. பாலத்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

நான் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "ரவி அண்ணன் பொய் சொன்னது தெரியும்ல. அப்ப ஏன்மா அன்னிக்குக் கால உள்ள எடுத்தீங்க?"

அம்மா காப்புக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் எறங்கி நடந்தாலும் நீ மூக்க விட்டிருக்க மாட்ட. புடிச்சுக்கிட்டே கூட நடந்து வந்திருப்ப. பள்ளிக்கூடத்துக்குப் போகப்போற டீச்சரு, பெத்தவ மூக்கப் புடிச்சுக்கிட்டு ரோட்டுல போறத நாலு பேரு பாக்கணுமா?" என்றார். பிறகு பாலத்தை நடந்தே தாண்டினார்.